அச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கோவைப் பம்பு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த தம்பிமார்களே, தங்கைமார்களே,

பீளமேட்டிலும் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் பம்புக் கம்பெனிகளின் வடிவமைப்புப் பிரிவுகளில் கணினித் திரைக்கு முன் அமர்ந்து, இம்பெல்லருக்குள் நீர் எவ்வாறு ஓடும் என்பதை வார்ப்படம் ஊற்றுவதற்கு முன்பே எண்களால் கண்டறிய முயல்கின்ற உங்களுக்கும், அதே வித்தையை நம்மூர்ப் பொறியியற் கல்லூரிகளில் பயின்றுவருகின்ற மாணவ மாணவியருக்கும், இந்தத் தொழிலிலேயே தலை நரைத்துப்போன ஒருவன் எழுதும் மடல் இது. அண்மையில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் சிமுலேஷன் வேலைகளைப் பார்வையிடும் சந்தர்ப்பம் வாய்த்தது. சுவரெங்கும் வண்ணப் படங்கள். நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் மாறும் அழகிய இம்பெல்லர்கள். ஒவ்வொன்றின் கீழும் எக்ஸ், ஒய், இஸட் என்று மூன்று வேகங்களின் பட்டியல். ‘இந்த நீர் எவ்வளவு சுழல்கிறது?’ என்று நான் கேட்டபோது ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. அவர்களுடைய உழைப்பில் குறையில்லை; அறிவிலும் குறையில்லை. மென்பொருள் முதலில் நீட்டிய சட்டகத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டதே குறை. அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

சுழற்சி என்பது இந்த மண்ணுக்குப் புதிய விஷயம் அன்று. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டுக்காடுகளில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, கவலை பூட்டி, சாலும் வடமுமாக எருதுகளை வாரியில் முன்னும் பின்னும் நடத்தி நீர் இறைத்த குடியானவர்களின் நாட்டில், 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கிவந்த பிறகு, எருதின் இடத்தை மோட்டாரும் சாலின் இடத்தை இம்பெல்லரும் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்ளூரிலேயே மின்மோட்டாரை உருவாக்கிக் காட்டினார்கள். 1945இல் ஆர்தர் ஹோப்பின் பெயரால் ஒரு பொறியியற் கல்லூரி எழுந்தது. அது தடாகம் சாலைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் அவிநாசி சாலையில் பஸ் நிற்கும் இடத்தை நாம் ஹோப் காலேஜ் என்றே சொல்லிவருகிறோம். 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. நாட்டின் பம்புத் தேவையில் ஏறத்தாழப் பாதியை நிறைவேற்றுவது கோவை என்று சொல்லப்படுமளவுக்குத் தொழில் பெருகியது. பம்பும், மோட்டாரும், நூற்பாலையின் கதிரும், வெட் கிரைண்டரின் தொட்டியும், லேத்தும் ஆகிய இவ்வூரின் பெருமைகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஓர் அச்சைச் சுற்றிச் சுழலாதது எது?

இந்த வட்டங்களின் சாஸ்திரத்தை முதலில் கண்டவர்கள் நம்முடைய பட்டறைக்காரர்களே என்பது என் அபிப்பிராயம். பெரிய பம்பு உறைகளுக்கு முழு மரப் பேட்டர்ன் செய்யாமல், நடுவே ஒரு தண்டை நட்டு, வேண்டிய பக்கவெட்டு வடிவத்தை விளிம்பில் அறுத்த ஒரு பலகையை அதில் மாட்டி, மண்ணின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி அச்செடுக்கும் முறை பவுண்டரிகளில் உண்டு. பலகையின் விளிம்பில் இருப்பவை இரண்டே அளவுகள்: தண்டிலிருந்து எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம். மூன்றாவது அளவைச் சுற்றும் கை தந்துவிடுகிறது. ஆரம், கோணம், உயரம் என்று நீங்கள் புத்தகத்தில் படிக்கும் உருளை ஆயங்கள் அந்த மண்மேடையில் பிரத்தியட்சமாக நிற்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இம்பெல்லரை லேத்தில் ஏற்றி டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதிய டர்னர், என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, இத்தனை அளவு எதுக்கு? நடுவு கெடைச்சுருச்சுன்னா மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வந்துருமில்ல?” என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் அன்று அவர் கேட்டதைவிடச் சிறந்த கேள்வியைப் பின்னாளில் எந்த வகுப்பறையிலும் நான் கேட்கவில்லை.

1637இல் தேக்கார்த்து வெளியிட்ட வடிவகணித நூலின் வழியாக வளர்ந்த சதுரச் சட்டகம் மகத்தான கருவி என்பதில் ஐயமில்லை. நேர்ச்சுவர் கட்டுகிறவனுக்கு அதைவிட உற்ற துணை கிடையாது. ஆனால் பம்பு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சட்டகத்தில் விடை தென்படுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கண்டு சொன்ன உண்மை இது: இம்பெல்லர் நீருக்கு ஊட்டும் ஹெட் என்பது, நீரின் வேகத்தில் சுற்றுத்திசையில் அமைந்த பகுதியையும் அவ்விடத்தில் இறக்கையின் ஓட்ட வேகத்தையும் பெருக்கி, வெளிவாயில் தொகையிலிருந்து உள்வாயில் தொகையைக் கழித்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. இரண்டு துருவ மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 2880 சுற்று ஓடுகிறது. இம்பெல்லரின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் வேகம் நொடிக்கு 22.6 மீட்டர். அங்கே நீரின் சுற்றுத்திசை வேகம் 12 மீட்டராக இருந்து, நீர் சுழலாமல் உள்ளே நுழைந்திருந்தால், இழப்புகளைக் கழிக்கும் முன் ஹெட் 27 முதல் 28 மீட்டர். முழுக் கணக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் முடிந்துவிடுகிறது. அதே வேகத்தை எக்ஸ் திசையில் இவ்வளவு, ஒய் திசையில் இவ்வளவு என்று உடைத்து வைத்தால், இறக்கை கால் சுற்றுத் திரும்பியதும் எக்ஸ் இருந்த இடத்தில் ஒய் வந்து நிற்கும்; விவசாயியின் தோட்டத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் நீர் ஏறும் என்பதை அந்த இரண்டு எண்களும் நேராகச் சொல்லமாட்டா.

ஆகவே உருளை ஆயங்களைக் கைக்கொள்ளுங்கள் என்கிறேன். கைக்கொள்ளும்போது அவற்றின் சுபாவத்தையும் அறிந்துகொள்ளுங்கள் என்று உடனே சேர்த்துச் சொல்கிறேன்.

காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு ஓடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செக்கிழுக்கும் மாட்டுக்கு எந்நேரமும் ‘முன்னே’ என்ற ஒரே திசைதான், வேகமும் மாறுவதில்லை. ஆயினும் வெளியே நின்று பார்க்கிறவனுக்கு, இப்போது கிழக்கே போகும் மாடு சற்று நேரத்தில் வடக்கே போகிறது, பிறகு மேற்கே போகிறது. ஆரத்திசையும் சுற்றுத்திசையும் இடத்துக்கு இடம் மாறுகின்றவை என்பதே இதன் தாத்பரியம். இம்பெல்லரின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள இரண்டு புள்ளிகளில் ஆரவேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று ஒரே எண் எழுதப்பட்டிருந்தாலும், அவ்விரு நீரோட்டங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் பாய்கின்றன. எண்கள் ஒன்றுதானே என்று கழித்து, வேறுபாடு பூஜ்யம் என்று எழுதும் நிரல் பொய் சொல்லுகிறது. திசைகள் திரும்புவதால்தான் உருளைச் சமன்பாடுகளில், சுற்றுவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்த உறுப்பும், ஆரவேகமும் சுற்றுவேகமும் பெருகிவரும் உறுப்பும் புதிதாக முளைக்கின்றன. சதுரச் சமன்பாட்டைப் பெயர் மட்டும் மாற்றி உருளைச் சமன்பாடாக்கியவர்கள் இவற்றைத் தொலைத்துவிடுகிறார்கள். தொலைவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். மேலே சொன்ன இம்பெல்லரின் விளிம்போடு ஒட்டிச் சுழலும் பொருளுக்கு மையத்தை நோக்கிய முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 6800 மீட்டர். அதாவது புவியீர்ப்பைப் போல் எழுநூறு மடங்குக்குச் சற்றே குறைவு. நூற்பாலையில் நிமிஷத்துக்கு 18,000 சுற்று ஓடும் கதிரைச் சுற்றிப் பலூன் போல விரிந்து சுழலும் நூலில், இரண்டு சென்டிமீட்டர் ஆரத்தில் அதுவே ஏழாயிரம் மடங்கைத் தாண்டும். இவ்வளவு பெரிய ஒன்றை மறந்துவிட்டு, பிசுபிசுப்பின் நுணுக்கங்களை மூன்று தசமத் துல்லியத்தில் தேடுவதில் என்ன பிரயோஜனம்?

சட்டகத்தையே இம்பெல்லரோடு சேர்த்துச் சுழலவிட்டால், மையவிலக்கு விசையையும் கோரியாலிஸ் விசையையும் நாமே சேர்க்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படும். மென்பொருள் காட்டும் வேகம் நிற்கும் தரையிலிருந்து பார்த்த வேகமா, சுழலும் இறக்கையிலிருந்து பார்த்த வேகமா என்பதை ஒவ்வொரு முறையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சார்பு வேகத்தை ஆய்லரின் கணக்கில் போட்டு ஹெட் கண்டுபிடித்துவிட்டுத் திகைத்து நின்ற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியில், போர்வெல்லுக்கான பல அடுக்கு நீர்மூழ்கிப் பம்பு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அடுக்கின் வெளிவாயில் வளையத்தில் மொத்த அழுத்தத்தின் சராசரியைக் கண்டறிய, கணக்கு வலையின் அறைகள் எல்லாவற்றின் அழுத்தத்தையும் கூட்டி, அறைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டேன். உருளை வலையில் உள்ளே இருக்கும் அறை சிறிது, வெளியே இருக்கும் அறை பெரிது என்பதும், ஒவ்வொன்றின் கன அளவோடும் ஆரம் ஒரு பெருக்கலாக நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் அந்த ஒரு வரியில் எழுதாமல் விட்டேன். ஒரு வட்டத்தை ஆரத்தில் சமமான பத்து வளையங்களாகப் பிரித்தால் நடுவில் உள்ளது மொத்தப் பரப்பில் 1 சதவிகிதம்; ஓரத்தில் உள்ளது 19 சதவிகிதம். நானோ இரண்டுக்கும் ஒரே மதிப்பு அளித்திருந்தேன். சுவரோரத்தில் உராய்வால் சக்தி இழந்த நீரின் குரல் என் சராசரியில் தாழ்ந்துபோயிற்று. உள்பக்கத்துச் செழிப்பான ஓட்டத்தின் குரல் ஓங்கிற்று. ஓர் அடுக்கில் சிறிதாக இருந்த அந்தப் பிழை, அடுக்குக்கு அடுக்கு கூடிக்கொண்டே போய், சோதனை மேடையில் ஹெட் குறைந்து நின்றபோது, பேட்டர்ன் கடை முதல் லேத் வரை எத்தனையோ பேர் தங்கள் வேலையில்தான் குற்றமோ என்று மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தார்கள். குற்றம் என்னுடையது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அவர்கள் அந்த மூன்று வாரம் பட்ட மனக்கஷ்டம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிட்டும் என்பதைக் கணக்கதிகாரம் என்ற பழந்தமிழ்க் கணித நூலே விதியாகச் சொல்லியிருக்கிறது. வட்டத்தின் பரப்பு விளிம்பை நோக்கியே திரண்டிருக்கிறது என்ற ஞானம் அந்த விதிக்குள் அடக்கம்.

கோணத்திலும் ஓர் அபாயம் உண்டு. 359 பாகையும் 1 பாகையும் அண்டை வீடுகள். அவற்றைக் கூட்டி இரண்டால் வகுக்கும் நிரல் 180 என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டும். கோணங்களை நேராகச் சராசரி எடுக்காமல், அவற்றின் சைன், கொசைன்களைக் கூட்டி, அவற்றிலிருந்து கோணத்தை மீட்டெடுங்கள்.

அச்சே எல்லாவற்றிலும் பெரிய சங்கடம். ஆரம் பூஜ்யமாகும் இடத்தில் கோணத்துக்கு அர்த்தமில்லை. ஆரத்தால் வகுக்கும் உறுப்புகள் எல்லையின்றிப் பெருகப் பார்க்கும். சுற்றுக்கு 360 அறைகள் வைத்தால் 75 மில்லிமீட்டர் ஆரத்தில் ஓர் அறையின் சுற்றகலம் 1.3 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் ஆரத்திலோ 0.017 மில்லிமீட்டர். காலத்தைச் சிறுசிறு அடியாக நகர்த்திச் செல்லும் நேர்முறைக் கணக்கில், நீர் ஒரே அடியில் ஓர் அறையைத் தாண்டிவிடக் கூடாது என்பது நியதி. ஆகையால் நடுவே உள்ள பயனற்ற ஊசி அறைகளின் பொருட்டுக் கணக்கு முழுவதும் எறும்பு ஊர்வதுபோல் ஊரும். பம்பில் நடுவே தண்டு இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். தண்டு இல்லாத உறிஞ்சு குழாயைக் கணக்கிடும்போது, நடுவில் ஒரு சதுர வலையைப் பதித்து அதைச் சுற்றி வளைய வலையைப் பின்னுங்கள். அல்லது மையத்தை நெருங்கும்தோறும் அறைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். வட்டத்தின் நடுவே சதுரத்தை வைப்பது உருளை முறைக்குச் செய்யும் துரோகம் என்று எண்ணவேண்டாம். மையத்தருகே நீர் நேர்கோட்டில் கடந்து செல்ல முடியும், அதற்கு ஏற்ற சட்டகம் சதுரமே.

இதிலிருந்து இன்னொரு விஷயம் தெளிவாகும். 2004இல் மூலநிரலோடு இலவசமாக வெளிவந்த ஓப்பன்ஃபோம் முதலான பொது மென்பொருள்கள், வலை எவ்வடிவில் இருந்தாலும் திசையுள்ள அளவுகளைச் சதுர ஆயங்களிலேயே உள்ளே வைத்துக்கொள்கின்றன. திரும்பும் திசைகளின் தொல்லை அதனால் நீங்குகிறது. அது விவேகமான ஏற்பாடு. ஆனால் எல்லை நிபந்தனையை விதிப்பதும், விடையைப் படிப்பதும், படித்ததைச் சீர்தூக்குவதும் உருளை ஆயங்களில் நடக்கவேண்டும். அது உங்கள் பொறுப்பு. முழுச் சமச்சீர் உள்ள பொருளானால், நூறுக்கு நூறுக்கு நூறு என்று பத்து லட்சம் அறைகள் கேட்கும் வேலையை, ஒரே அறைத் தடிப்புள்ள ஆப்பு வடிவத் துண்டில் பத்தாயிரம் அறைகளில் முடித்துவிடலாம். சிறிய பட்டறையின் சாதாரணக் கணினிக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்! ஆறு இறக்கை இம்பெல்லரில் 60 பாகைத் துண்டு ஒன்று போதும் என்பதும் மெய்யே. ஆனால் வால்யூட் உறையைச் சேர்க்கும் கணத்தில் இந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. உறையின் நாக்கு ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. வடிவமைத்த அளவைவிடக் குறைவாகவோ கூடவோ நீர் ஓடும்போது இம்பெல்லரைச் சுற்றி அழுத்தம் சமமின்றிப் போய், தண்டைப் பக்கவாட்டில் தள்ளி, பேரிங்கைத் தேய்க்கிறது. துண்டுக் கணக்கில் அந்தப் பக்கத்தள்ளு எந்நாளும் தென்படாது.

பம்பு இறங்கும் பூமிக்கும் இதே ஆராய்ச்சி பொருந்தும். போரின் விட்டத்தை இரட்டித்தால் நீரும் இரட்டிக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் ஓர் அச்சை நோக்கி வரும்போது, 1906இல் தீம் எழுதிய சூத்திரத்தின்படி, வரும் நீரின் அளவு ஆரங்களின் விகிதத்தினுடைய லாகரிதத்தைப் பொறுத்தது. ஆறரை அங்குலப் போரைப் பதின்மூன்று அங்குலமாக்கினால், நூறு மீட்டர் தொலைவு வரை நீர்மட்டம் இழுபடும் என்று கொண்டு கணக்கிட்டால், மிகுவது 11 சதவிகிதம் மாத்திரம். அதுவும் ஒரே சீரான மணற்படுகையில். நம் மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளின் வழியாக ஓரிரு ஊற்றுக்கண்களில் வரும் நீருக்கு வட்டமும் இல்லை, சமச்சீரும் இல்லை. அங்கே உருளைக் கணக்கை ஒரு தோராயமாகக் கொள்ளலாமே தவிர, விவசாயியிடம் உறுதிமொழியாகக் கொடுக்கலாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர்களிடம் வண்ணப் படம் கேட்கும் முன் இரண்டு சிறிய சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, உருளை வலைக்குள் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நேராகச் செல்லும் ஓட்டத்தைக் கொடுத்து, அது அச்சைக் கடந்தும் கோணம் ஒரு சுற்று முடிந்து மீண்டும் பூஜ்யமாகும் தையலைக் கடந்தும் மாறாமல் வெளிவருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்றொன்று, 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வாளி நீரை நிமிஷத்துக்கு 60 சுற்று நிதானமாகச் சுழலவிட்டால், நடுவைவிட விளிம்பில் நீர் 4.5 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கவேண்டும். கணினி அதைச் சொல்லுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மெய்யாகவே ஒரு வாளியைச் சுழற்றி, அளவுகோல் வைத்து அளக்கச் செய்யுங்கள்.

தம்பிமார்களே, தங்கைமார்களே, நீங்கள் திரையில் வரையும் ஒவ்வொரு இறக்கையும் நாளை மண்ணச்சில் உருகிய இரும்பாகி, லேத்தில் கடைசலாகி, பல்லடத்திலோ தாராபுரத்திலோ ஒரு தோட்டத்தின் கிணற்றில் இறங்கப்போகிறது. அடுத்த இம்பெல்லரைக் கணக்குக்கு ஏற்றும் முன் அந்த இரண்டு சோதனைகளையும் உங்கள் கையாலேயே ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். அரை நாள் வேலைதான்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
பழைய பம்பு வடிவமைப்பாளன் ஒருவன்,
பீளமேடு, கோயம்புத்தூர்.